புது செட் வாங்குவதற்கு முன்: வாகன ரேடியோக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

போன மழைக்காலத்தில் ஒரு வேன்காரத் தம்பி ஹட்டனில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் பிரிக்காத பெட்டியில் ஒரு புது செட். "அண்ணே, இது மூணாவது. முன்னாடி போட்ட ரெண்டும் பள்ளத்தில விழுந்தா ஓஃப் ஆகுது. இதையாவது நல்லா போட்டுக் குடுங்க" என்றார். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தேன். செட்டின் கறுப்பு வயரை, பெயின்ட் அடித்த ஒரு தகட்டில் சின்ன ஸ்க்ரூ ஒன்றால் பிடித்திருந்தார்கள். ஸ்க்ரூவைச் சுற்றி துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைக்கு லக் என்ற வளையம் அடித்து, நட்டும் போல்டும் போட்டு இறுக்கினேன். பழைய செட்டே பாடியது. புதுசைக் கடைக்காரர் திருப்பி எடுத்தாரா என்பது வேறு கதை.

நான் பார்த்த வரையில் பழுது என்று வரும் செட்டுகளில் பெரும்பாலானவை பழுதே இல்லை. எர்த் (கரண்ட் பெட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி), மூட்டு, பியூஸ், ஏரியல் என்று வெளியில்தான் எங்கேயாவது பிழை இருக்கும். மலைநாட்டில் இன்னொன்றும் சேரும்: மலை. அதனால் செட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எது என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள். நிறங்களைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

மலிவான டிஜிட்டல் மீட்டர் ஒன்று. ஒரு 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி. மாற்று பியூஸ் நாலைந்து. அப்புறம் பல்ப் டெஸ்டர்: 12 வோல்ட் டெயில் லைட் பல்ப் ஒன்றில் இரண்டு நீள வயர்களை ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் ஆயிற்று.

மீட்டர் இருக்கும்போது பல்ப் எதற்கு என்று கேட்பார்கள். துருப்பிடித்த மூட்டு வழியாகவும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதே இல்லை. பல்ப் கரண்டை இழுக்கும். மூட்டு கெட்டிருந்தால் எரியாது, அல்லது மின்மினி மாதிரி மினுங்கும். மீட்டரில் 12 வோல்ட் இருக்கிறது, பல்ப் எரியவில்லை என்றால் பிழை மூட்டில்தான். வண்டிப் பக்கத்தில் மஞ்சள் குழாய் உறையோ மஞ்சள் சொக்கட்டோ போட்ட வயர்களில் மட்டும் பல்ப், மீட்டர் இரண்டையும் வைக்காதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் வயர்.

வேலை தொடங்கும் முன் பெட்டரியின் மைனஸைக் கழற்றுவது நல்ல பழக்கம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டாவில் மேப் காட்டும் ஒரிஜினல் நேவிகேஷன் செட் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதில் எஸ்டி கார்ட் உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்ட் இல்லாமல் பெட்டரியைக் கழற்றினால், திரும்பப் போடும்போது சரியான கார்டைப் போடு என்று கேட்டு அப்படியே நின்றுவிடும். சிலது ஈஆர்சி என்று காட்டி, பூட்டைத் திறக்கும் கோட் கேட்கும். அப்படி நின்ற செட்டில் ரேடியோகூட வேலை செய்யாது. இது வயரிங் பிழை அல்ல, வயரைத் தொட்டு அதைத் திருத்தவும் முடியாது.

எல்லோரும் படிக்க வேண்டியது: நிறத்தை நம்பி நிறத்தோடு சேர்க்காதீர்கள்

கடையில் வாங்கும் செட்டுகளின் வயர் நிறங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். மஞ்சள் எப்போதும் பெட்டரி. சிவப்பு, சாவி ஏசிசியில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலை) வந்தால் கிடைக்கும் கரண்ட். கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்குப் போகும் 12 வோல்ட். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது அம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் தனிப் பெட்டி) எழுப்ப. ஆரஞ்சு, ஹெட்லைட் போட்டதும் செட்டின் வெளிச்சத்தைக் குறைக்க. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் இது இருக்கும். படம் வேறு சொன்னால் படத்தை நம்புங்கள்.

வண்டிப் பக்கத்து வயர் வேறு பாஷை பேசும். டொயோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மொடல்களில் பத்து ஊசி சொக்கட் ஒன்றும் ஆறு ஊசி சொக்கட் ஒன்றும் வரும். பத்து ஊசியில் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது பெட்டரி, சாம்பல் ஏசிசி, பழுப்பு எர்த், பச்சை லைட். முன் ஸ்பீக்கர்களும் அதிலேயே: இளஞ்சிவப்பும் ஊதாவும் இடது, இளம்பச்சையும் நீலமும் வலது. ஆறு ஊசியில் பின் ஸ்பீக்கர்கள்: கறுப்பும் மஞ்சளும் இடது, சிவப்பும் வெள்ளையும் வலது.

இப்போது நிறத்துக்கு நிறம் முறுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். செட்டின் கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கரில் போய் நிற்கும். எர்த்தும் இல்லை, பெட்டரியும் இல்லை, செட் செத்த மாதிரிக் கிடக்கும். அதுகூடப் பரவாயில்லை. செட்டின் சாம்பல் வயர் ஸ்பீக்கர் வயர், டொயோட்டாவின் சாம்பல் ஏசிசி. சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் நேராக, செட்டுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் சில்லான ஐசிக்குள் போகும். பச்சையும் அப்படித்தான்: பகலில் ஒன்றும் தெரியாது, இரவில் ஹெட்லைட் போட்ட நிமிடம் ஐசி போகும். "லைட் போட்டேன், செட் செத்துப்போச்சு" என்று வரும் ஆட்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்தப் பச்சை வயரைத்தான்.

சுசுகி, ஹொண்டா, நிசான் எல்லாவற்றுக்கும் சொக்கட்டும் நிறமும் வேறு. வண்டிக்கு ஏற்ற மாற்று சொக்கட் விற்கிறார்கள், அதை வாங்கிப் போட்டால் வண்டியின் வயரை வெட்டவே வேண்டாம். பழைய ஆள் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தால், ஒவ்வொரு வயராக மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் போகும். போகட்டும்.

செட் கொஞ்சமும் உயிர் வரவில்லை

செட்டின் முதுகில் ஒரு பியூஸ் இருக்கும், வழக்கமாக 10 அல்லது 15 அம்பியர். அதைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். கண்ணால் பார்த்து நல்லதென்று சொல்லாதீர்கள். பிறகு வண்டியின் பியூஸ் பெட்டி. மஞ்சளுக்கு வரும் பெட்டரி கரண்ட் பல வண்டிகளில் கூரை லைட்டின் பியூஸ் வழியாகத்தான் வருகிறது. அதனால் கதவைத் திறந்தால் உள் லைட்டும் எரியவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. ஏசிசி கரண்ட் பல வண்டிகளில் சிகரெட் லைட்டரோடு சேர்ந்து வரும். சார்ஜரைச் செருகி போன் ஏறுகிறதா பாருங்கள்.

பியூஸ்கள் நல்லதென்றால் பல்ப் டெஸ்டரை எடுங்கள். பல்பின் ஒரு வயர் வண்டியின் பொடியில் (உடல் தகட்டில்) நல்ல இரும்பில், மறுவயர் செட்டின் மஞ்சளில்: எரிய வேண்டும். சாவியை ஏசிசியில் வைத்துச் சிவப்பில்: எரிய வேண்டும், சாவியை எடுத்தால் அணைய வேண்டும். இரண்டும் சரி என்றால், பொடியில் வைத்த வயரை எடுத்துச் செட்டுக்குப் போகும் கறுப்பு வயரின் முனையில் வையுங்கள். இப்போது எரியாவிட்டால் எர்த் கெட்டுவிட்டது.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றாதீர்கள். 10 அம்பியர் போகிறது என்று 30 அம்பியரும் போடாதீர்கள். அந்த பியூஸ் காப்பாற்றுவது செட்டை அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயரை. எது எரிந்தால் செலவு அதிகம் என்று நீங்களே யோசியுங்கள். சரி, செட்டைக் கழற்றி வைத்து பியூஸைப் போடுங்கள். அப்போதும் போனால் வயரில் ஷோர்ட். போகாவிட்டால்தான் செட்டைச் சந்தேகப்படலாம்.

வேலை செய்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை: எர்த்தைச் சோதிக்கும் ஒரு சின்ன வேலை

பள்ளத்தில் விழுந்தால் நிற்பது, சத்தம் கூட்டினால் அணைந்து எரிவது, ஹெட்லைட் போட்டால் திரை மங்கிச் சத்தம் மாறுவது. இவை தனித்தனிக் கோளாறு மாதிரித் தெரியும். பல நேரம் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

செட்டை ஓட விட்டு, பின்னால் இருக்கும் ஏரியல் பிளக்கை இழுத்துப் பாருங்கள். ரேடியோ மட்டும் இரைந்தால் நல்லது. செட்டே அணைந்தால், இவ்வளவு நாளும் அது ஏரியல் கேபிளின் வெளி உறை வழியாக எர்த் எடுத்து ஓடியிருக்கிறது. கறுப்பு வயர் பெயருக்குத்தான் இருந்தது. சில வண்டிகளில் ஆரஞ்சு வயர் வழியாகக்கூட எர்த் திருடும்.

அளந்து பார்க்க வேண்டும் என்றால், செட்டை நல்ல சத்தத்தில் பாட வைத்து, மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு வயரிலும் மறுமுனையைப் பெட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் எங்கோ தடை. மலையில் இது அடிக்கடி வரும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பனியும் தூறலும் விடாமல் இருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் ஈரம்தான். இன்சுலேஷன் டேப்பின் பசை ஆறே மாதத்தில் கழன்றுவிடும். முறுக்கி டேப் சுற்றிய மூட்டை அவிழ்த்தால் செம்புக் கம்பி பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான கம்பி வரும் வரை சீவி, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவைப் போடுங்கள்.

சத்தம் கூட்டும்போது மட்டும் நிற்கிறது, எர்த்தும் நல்லதென்றால் ஸ்பீக்கர்களை எண்ணுங்கள். வேன்களில் கூரையில் இரண்டு, கதவில் இரண்டு, பின்னால் நாலு என்று போட்டு, செட்டின் ஒரு ஜோடி வயரில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துவிடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கத்துப் பக்கமாகச் சேர்த்தால் 2 ஓம். சாதாரண செட்டுகளில் அநேகமானவை அதைத் தாங்காமல் சூடேறி நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகச் சேர்த்தால் 8 ஓம், சத்தம் கொஞ்சம் குறையும், செட் பிழைக்கும். பெட்டியில் "50 வொட் நான்கு" என்று போட்டிருப்பதை நம்பி இன்னும் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முதுகில் 10 அம்பியர் பியூஸ் என்றால் 12 வோல்ட்டில் 120 வொட்தான் உள்ளேயே போகும். 200 எங்கிருந்து வெளியே வரும்?

நேரமும் ஸ்டேஷனும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகிறது

மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கிறது, அல்லது இரண்டும் ஏசிசியில் கிடக்கிறது. மாற்றிப் போடுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது செட் ஒரு கணம் அணைந்து எரிவது சாதாரணம். ஸ்டார்ட் அடித்த பிறகு நேரமே 12:00 ஆகிவிட்டால் பெட்டரி பலவீனம், அல்லது பெட்டரி முனையின் கிளாம்ப் தளர்வு.

காலையில் பெட்டரி இறங்கிக் கிடக்கிறது

முந்தியதற்கு நேர்மாறு. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துப் பெட்டரியில் முறுக்கியிருப்பார்கள், செட் தூங்குவதே இல்லை. அம்ப் இருந்தால் அதை எழுப்பும் நீல வெள்ளை வயரையும் பாருங்கள். அதை நேரே பெட்டரியில் சேர்த்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். செட் அணைந்த பிறகும் அம்ப் விழித்துக்கொண்டே இருக்கும். இரவில் அம்ப்பைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

எவ்வளவு போகிறது என்று அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பெட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 அம்பியரில் வையுங்கள். புதிய வண்டிகளில் எல்லாம் தூங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். 0.05 அம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 0.3 என்று காட்டினால் ஒரு நாளில் 7 அம்பியர் மணி, ஒரு வாரத்தில் 50. சின்னக் காரின் பெட்டரியில் அவ்வளவு இருக்கவே இருக்காது. மீட்டர் அப்படி இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் அடித்துவிடாதீர்கள்.

கொழும்பில் இந்தக் கசிவு பல மாதம் தெரியாமலே ஓடும். நுவரெலியாவில் ஜனவரியில் புல் மேல் உறைபனி விழும் காலைகளில் பெட்டரிக்கு இயல்பாகவே பலம் குறைவு, அதோடு கசிவும் சேர்ந்தால் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும்.

திரை எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

முதலில் செட்டில் மியூட் போட்டிருக்கிறதா, பேலன்ஸ் ஒரு பக்கம் போய்விட்டதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பட்டறைக்கு வந்து இதற்குக் கூலி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு செட்டிலிருந்து எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு, நல்லதென்று தெரிந்த ஒரு ஸ்பீக்கரை நேரே கொடுங்கள். பாடினால் செட் நல்லது, வண்டியின் வயரில் ஒன்று பொடியைத் தொடுகிறது. அநேகமாகக் கதவு மடியும் இடத்தில் அல்லது சீட்டுக்குக் கீழே நசுங்கியிருக்கும். ஒவ்வொரு ஜோடியாக மீட்டரை ஓமில் வையுங்கள். இரண்டு வயருக்கும் நடுவில் 3 முதல் 4 ஓம் வர வேண்டும். எந்த வயருக்கும் பொடிக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அதுதான் கள்ளன்.

இப்போதைய செட்டில் ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் அல்ல. செட் ஓடும்போது ஸ்பீக்கர் வயர் எதிலும் பொடிக்கு அளந்தால் பெட்டரியின் பாதி, 6 வோல்ட் போல இருக்கும். அது பிழை அல்ல, அந்த ஐசி அப்படித்தான் வேலை செய்யும். பழைய கார்களில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயர் போய், மறுமுனை பொடியிலேயே முடியும். அதில் புதிய செட்டைப் போட வேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் புதிதாக இழுக்க வேண்டும். குறுக்கு வழி இல்லை.

பாடுகிறது, ஆனால் பேஸ் (அடித்தொனி) இல்லை

ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது, பேஸ் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகிறது. செட்டிலிருந்து வயரைக் கழற்றி, அந்த 1.5 வோல்ட் பெட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே வந்தால் பெட்டரியின் பிளஸ் பட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ்.

எஞ்சினோடு சேர்ந்து இரைகிறது

அக்ஸிலேட்டரை மிதித்தால் "ஊ" என்று ஏறி, விட்டால் இறங்கினால் அது ஒல்டனேட்டர் இரைச்சல். செட்டும் அம்ப்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் எடுத்தால் வரும். இரண்டையும் ஒரே போல்டுக்குக் கொண்டுவாருங்கள். அம்ப்பின் பெட்டரி வயர் ஒரு பக்கம், பாட்டு போகும் ஆர்சிஏ வயர் மறுபக்கம் என்று பிரித்து இழுங்கள்.

ஆட்டோவில் "டிக் டிக் டிக்" என்று எஞ்சின் வேகத்தோடு வந்தால் அது ஸ்பார்க் பிளக். ரெசிஸ்டர் வைத்த பிளக்கும் நல்ல பிளக் கெப்பும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஆட்டோக்காரர்களுக்கு இன்னொன்று. சப்வூஃபர், அம்ப், கலர் லைட் என்று அடுக்குவதற்கு முன்னால் எஞ்சினை ஐட்லில் விட்டு, ஹெட்லைட் போட்டு, பெட்டரியில் அளந்து பாருங்கள். 12.5க்குக் கீழே போனால் சார்ஜ் ஆவதை விடச் செலவாவது அதிகம். வேகம் கூட்டும்போது 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. புதுச் செட்டைப் போட்டால் அதுவும் போகும்.

ஸ்டேஷன் பிடிக்கவில்லை

இதில்தான் மலைநாட்டில் ஆட்கள் அதிகம் காசு விடுகிறார்கள்.

ஜப்பானிலிருந்து இறக்கிய வண்டியில் ஒரிஜினல் செட் அப்படியே இருக்கிறதென்றால், டயலைப் பாருங்கள். அங்கே எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். 2014 முடிவிலிருந்து 95 வரை நீட்டினார்கள், அந்தக் காலத்துக்குப் பிறகு வந்த செட்டுகள் பலதில் அது இருக்கும். நமக்கு 88 முதல் 108 வரை. மேல் பாதி ஸ்டேஷன்கள் அந்தச் செட்டுக்குத் தெரியவே தெரியாது. இதற்குப் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை ஏரியலுக்கு நடுவில் போடுவார்கள். 12 மெகாஹேர்ட்ஸ் கீழே இறக்கும் பெட்டி என்றால் 99இல் வரும் ஸ்டேஷன் 87இல் கேட்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 76 முதல் 90 வரையான டயலில் 14 தான் இடம், நமக்கு வேண்டியது 20. எந்தப் பெட்டி போட்டாலும் மேலேயோ கீழேயோ சில ஸ்டேஷன்கள் விடுபடும். அதோடு அந்தப் பெட்டி கொஞ்சம் சிக்னலையும் தின்னும். கொழும்பில் சமாளிக்கலாம். மஸ்கெலியாப் பக்கத்து மடிப்புகளில் வாழ்பவருக்கு நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன், இந்த ஒரு இடத்தில்தான் செட்டையே மாற்றச் சொல்வேன். ஏற்கெனவே எக்ஸ்பேண்டர் போட்டிருந்து திடீரென எல்லாம் போய்விட்டால், அதற்கு வரும் 12 வோல்ட் வயரைப் பாருங்கள்.

புதுச் செட்டில் சில ஸ்டேஷன் மட்டும் நடுவில் விழாமல் கரகரக்கிறதா? செட்டிங்கில் அமெரிக்கா என்று இருக்கும். அந்த முறையில் டயல் 0.2, 0.2 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் தாவும், 98.6 மாதிரி இரட்டைப்படைப் புள்ளியில் நிற்காது. ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள். எல்ஓசி என்று ஒரு எழுத்து எரிந்தால் அதை அணையுங்கள். அது பலமான ஸ்டேஷனில் மட்டும் நிற்கச் சொல்லும் பொத்தான், நமக்குப் பலமான ஸ்டேஷனே கொஞ்சம்தான்.

அடுத்தது ஏரியல். கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி இருப்பதற்கும், சில குட்டை ஏரியல்களுக்கும் உள்ளே ஒரு சின்ன அம்ப் இருக்கும். அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டின் நீல வயரை அங்கே கொண்டுபோகாமல் டேப் சுற்றி விட்டிருந்தால் பக்கத்து ஸ்டேஷன் மட்டும் கேட்கும். சாதாரணக் கம்பி ஏரியல் என்றால் 75 சென்டிமீட்டர் நீளம் சரி, எஃப்எம் அலையின் கால் பங்கு அது. ஆட்டோவுக்குக்கூட அந்த நீளத்தில் ஒரு கம்பியை நிமிர்த்தி விட்டால் அழகான குட்டைக் கம்பியை விட நன்றாக வாங்கும். மீட்டரில் பிளக்கின் நடு ஊசிக்கும் கம்பிக்கும் நடுவில் பூச்சியம் ஓம் வர வேண்டும், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது. மழை நாளில் மட்டும் ஏதாவது வந்தால் ஏரியலின் அடியில் தண்ணீர் இறங்குகிறது.

இன்னொன்று, யாரும் சந்தேகப்படாதது: மலிவான யூஎஸ்பி சார்ஜர். டேஷ் கேமராவும், சில எல்இடி பல்புகளும் அப்படித்தான். ஸ்டேஷன் மெலிதாக வரும் இடத்தில் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்தப் பொருளைக் கழற்றியதும் பாட்டு தெளிகிறதோ அதை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

இதெல்லாம் சரி, அப்படியும் ஒரு வளைவில் வருகிறது, அடுத்த வளைவில் போகிறது என்றால் அது மலை. எஃப்எம் அலை கிட்டத்தட்ட கண்பார்வை மாதிரி. ஒலிபரப்புக் கோபுரமும் உங்கள் ஏரியலும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அதனால்தான் கோபுரங்களைப் பிதுருதலாகலை, நமுனுகுல, ஹுன்னஸ்கிரிய என்று உச்சிகளில் வைத்திருக்கிறார்கள். பிதுருதலாகலையின் 2,524 மீட்டர் உயரத்தில் கோபுரம் இருந்தாலும், நடுவில் ஒரு தேயிலை மலை நின்றால் அதன் நிழலில் சிக்னல் மெலியும். கொஞ்சம் வரும் அலையும் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி இரண்டு மூன்றாகச் சேரும்போது வண்டி ஓட ஓடச் "சர்ரு சர்ரு" என்று அடிக்கும். வண்டியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினால் தெளிந்தால், அது இதுதான். ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் விட முடிந்தால் இரைச்சல் பாதி குறையும்.

செய்யக்கூடியது ஒன்று. சூரியன், சக்தி மாதிரி ஸ்டேஷன்கள் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு அலைவரிசையில் வரும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போய், வெலிமடையில் இறங்கிப் பண்டாரவளை வரை ஒரு தடவை ஓடும்போது, எங்கே எந்த எண்ணில் தெளிவாக வருகிறதென்று கவனித்து, ஒரே ஸ்டேஷனை மூன்று பொத்தானில் பதிந்துகொள்ளுங்கள். ஹப்புத்தளை மாதிரி முகட்டில் தென் பக்கத்து ஸ்டேஷன்களும் வந்து மோதும், அங்கே தானாகத் தேடும் பொத்தானை அமத்தினால் குழப்பம்தான். கையால் திருப்புங்கள்.

24 வோல்ட் லொறியும் பழைய மொரிஸும்

தேயிலைக் கொழுந்து லொறி, பஸ் எல்லாம் 24 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 28 வரும். 12 வோல்ட் செட்டை நேரே கொடுத்தால் புகைதான். இரண்டு பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பலர் செய்யும் வேலை. பாடும், ஆனால் அந்த ஒரு பெட்டரி எப்போதும் பாதி இறங்கியும், மற்றது அளவுக்கு மேல் ஏறியும், கடைசியில் இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்று, செட்டின் பியூஸை விடக் குறையாத அம்பியரில் வாங்கிப் போடுங்கள். நேரமும் ஸ்டேஷனும் மறக்காமல் இருக்க மஞ்சளுக்குத் தனி வழி உள்ள கன்வேர்ட்டர் நல்லது.

மொரிஸ் மைனர் மாதிரிப் பழைய இங்கிலீஷ் கார் என்றால், எந்த வயரையும் தொடுவதற்கு முன் பெட்டரியிலிருந்து பொடிக்குப் போகும் தடித்த கேபிளைப் பாருங்கள். அது பிளஸிலிருந்து போகலாம். அந்த வண்டிகள் பிளஸ் எர்த்தாக வந்தவை. இப்போதைய செட்டின் இரும்புப் பெட்டியும் ஏரியல் உறையும் மைனஸ், டேஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூ பட்டாலே ஷோர்ட். யாராவது ஏற்கெனவே மைனஸ் எர்த்தாக மாற்றியிருந்தால் தொல்லை இல்லை. மாற்றாவிட்டால் டைனமோவையும் சேர்த்து மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீமேக்கர் (தேயிலை ஆலை அதிகாரி) ஐயா ஒருவர், "ஒரிஜினலைக் கெடுக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லி, சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். அவருக்கு இதுவரை ஒரு பியூஸும் போனதில்லை.